சர் பென்ஷியஸ் சொர்க்கம் போனது நியாயமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘ஹாஸ்பின் ஹோட்டல்’ என்ற அனிமேஷன் தொடரின் முதல் சீசனின் கடைசி எபிசோடில், நரகத்துப் பாவியான சர் பென்ஷியஸ் தன் வான்கப்பலை எடுத்துக்கொண்டு ஆடமை எதிர்க்கப் போகிறான், ஒரே வீச்சில் சாம்பலாகிறான், எபிசோடு முடிவதற்குள் சொர்க்கத்தில் வந்து நிற்கிறான். இதை வைத்து நீங்களும் தோழிகளும் மூன்று வாரமாகச் சண்டை போடுகிறீர்கள். ஒரே ஒரு தியாகத்துக்குச் சொர்க்கமா, அப்படியென்றால் ஏஞ்சல் டஸ்டைக் கொடுமைப்படுத்துகிற வாலன்டினோவும் நாளைக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போய்விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படித்தவுடன் இது ஏதோ பாவ புண்ணியக் கணக்குக் கேள்வி மாதிரி தெரிகிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: “அப்போ ஏஞ்சலுக்கு நடந்ததெல்லாம் எங்கே போகும்?” நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஒருத்தன் நல்லவனாகிவிட்டான், சரி. அவன் கெட்டவனாக இருந்தபோது அவன் கையில் அகப்பட்டவர்களுக்கு என்ன பதில்?

நான் ஒரு இறையியல் கல்லூரியில் 17 வருடம் அறநெறிப் பாடம் எடுத்தவன். சனிக்கிழமைகளில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மத்தியச் சிறைக்குப் போவதும் அந்த வேலையில் சேர்த்தி. அதனால் மீட்பு, மன்னிப்பு என்ற சொற்களோடு புழங்கிய பழக்கம் உண்டு. அனிமேஷன் என் துறை இல்லை. இந்தத் தொடரை என் மகள்தான் பார்க்கச் சொன்னாள். முதல் சீசனை இதுவரை மூன்று தடவை பார்த்தாயிற்று. இரண்டாம் சீசன் 2025 அக்டோபர் கடைசியில்தான் வந்தது, இன்னும் பார்க்காதவர்கள் இதைப் படிக்கலாம் என்பதால் முதல் எட்டு எபிசோடுகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தொடரே தெரியாதவர்களுக்காக நாலு வரி. விவியன் மெட்ரானோ உருவாக்கியது. 2019 அக்டோபரில் ஒரு முன்னோட்ட எபிசோடாக யூடியூபில் வந்தது, 2024 ஜனவரியில் பிரைம் வீடியோவில் தொடரானது. பெரியவர்களுக்கான இசை அனிமேஷன். நரகத்தில் கூட்டம் பெருத்துவிட்டது என்று வருடத்துக்கு ஒரு முறை சொர்க்கத்திலிருந்து ஒரு படை இறங்கிப் பாவிகளைக் கொன்று குவித்துவிட்டுப் போகிறது. அந்தப் படைக்குத் தலைவன் ஆடம், முதல் மனிதன். இதைப் பொறுக்க முடியாத சார்லி, லூசிஃபரின் மகள், நரகத்து இளவரசி, ஒரு ஹோட்டல் திறக்கிறாள். பாவிகள் அங்கே தங்கித் திருந்தினால் சொர்க்கத்துக்கு அனுப்பலாம், படுகொலை தேவைப்படாது என்பது அவள் நம்பிக்கை. முதல் விருந்தாளி ஏஞ்சல் டஸ்ட். ஆபாசப் பட நடிகன், போதைக்கு அடிமை, தன் ஆன்மாவையே வாலன்டினோ என்ற முதலாளிக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவன்.

இதில் உறுதியாகத் தெரிவது எது, ரசிகர்கள் ஊகித்துச் சேர்த்தது எது என்று பிரித்துக்கொள்வோம். பென்ஷியஸ் செத்தான், சொர்க்கத்துக்கு வந்தான், அவனைப் பார்த்து எமிலி என்ற தேவதூதை மகிழ்ந்தாள், அவளுக்கு மூத்தவளான செரா அதிர்ந்தாள். இவ்வளவுதான் திரையில் இருப்பது. ‘தியாகம் செய்தான், அதனால் வந்தான்’ என்பது நாமாகப் போட்ட முடிச்சு. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்ததால் ஒன்றினால் மற்றொன்று நடந்தது என்று எடுத்துக்கொள்கிறோம். எந்தப் பாத்திரமும் அப்படிச் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஆறாவது எபிசோடிலேயே தொடர் ஒரு பெரிய குண்டைப் போட்டுவிடுகிறது: ஓர் ஆன்மா எதனால் சொர்க்கத்துக்கு வருகிறது என்று சொர்க்கத்தில் யாருக்கும் தெரியாது.

அந்த எபிசோடில் சார்லி சொர்க்கத்துக்குப் போய் வாதாடுகிற நீதிமன்றக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். என்ன செய்தால் சொர்க்கம் என்று கேட்டதும் ஆடம் ஒரு தாளில் மூன்று வரி கிறுக்கி நீட்டுகிறான்: சுயநலமில்லாமல் நட, திருடாதே, அதிகாரத்தை எதிர்த்து நில். அவ்வளவுதான். ஏதோ யோசித்து வைத்திருந்ததைப் போலக்கூட இல்லை, தேர்வுக்குப் படிக்காமல் வந்த பையன் வாய்க்கு வந்ததை எழுதுகிற மாதிரி. பிறகு எல்லோரும் நரகத்தில் ஏஞ்சல் அந்த இரவை எப்படிக் கழிக்கிறான் என்று பார்க்கிறார்கள். போதை ஏறிய நிஃப்டியை, ஹோட்டலில் வேலை செய்கிறவளை, காப்பாற்றுகிறான், வாலன்டினோவின் முகத்துக்கு நேராக நின்று எதிர்க்கிறான். பட்டியல் நிறைவேறிவிட்டது. ஆனால் அவன் அங்கேயேதான் நிற்கிறான், சொர்க்கத்துக்கு வரவில்லை. எமிலி ஏன் என்று கேட்கிறாள். செராவிடம் பதில் இல்லை. அவள் சேராபீன்கள் என்ற உயர்நிலைத் தேவதூதர்களில் மூத்தவள், வருடாந்திரக் கொலைக்கு ஒப்புதல் கொடுத்தவள். கோடிக்கணக்கான பேரின் தலைவிதியைத் தீர்மானிக்கிற விதி என்னவென்று தெரியாமலேயே அந்த விதியின் பெயரால் கொல்ல உத்தரவு போட்டிருக்கிறாள். இந்தத் தொடரின் மிகக் கூர்மையான இடம் அதுதான் என்பது என் எண்ணம். நம் சண்டைகளில் அது பேசப்படாமலே போய்விடுகிறது.

ஆக, ‘ஒரு தியாகம், ஒரு சொர்க்கம்’ என்ற விலைப்பட்டியல் தொடரில் இல்லை. இருந்தாலும் ஏன் அவன் மட்டும் என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. என் வாசிப்பைச் சொல்கிறேன், இது ஊகம்தான், ஆனால் காட்சிகளை வைத்துச் செய்த ஊகம்.

இரண்டாவது எபிசோடில் பென்ஷியஸ் ஹோட்டலுக்கு வருவது ஒற்றனாக. நரகத்துப் பெரும்புள்ளிகளில் ஒருவனான வாக்ஸ் அனுப்பிய ஆள். பிடிபட்டதும் அனுப்பியவன் கைகழுவிவிடுகிறான். இனி கொன்றுவிடுவார்கள் என்றே அவன் நினைக்கிறான். அங்கே சார்லி கேட்பது மன்னிப்புக் கேள் என்பதுதான், வேறொன்றும் இல்லை. பாம்பு உடம்பும் உயரத் தொப்பியுமாகத் திரிகிற, விக்டோரியா காலத்து மிடுக்கை இன்னும் விடாத ஆள், முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்கிறான். அடுத்து வரும் எபிசோடுகளில் அவன் பெரிதாக ஒன்றும் சாதிப்பதில்லை. மற்றவர்களோடு உட்காருகிறான், அசடு வழிகிறான், நண்பர்கள் கிடைத்ததை நம்ப முடியாமல் இருக்கிறான், ஏஞ்சலின் தோழி செர்ரி பாமிடம் மனசில் உள்ளதைச் சொல்ல வாய் வராமல் தடுமாறுகிறான். குணம் என்பது பழக்கத்தால் ஊறுவது, ஒரு செயலால் முளைப்பதில்லை என்று அரிஸ்டாட்டில் சொன்னதை நான் வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். இந்தச் சின்னச் சின்னக் காட்சிகள் அந்தப் பாடம்தான். கடைசிப் போரில் அவன் கப்பலேறியபோது புதிதாக நல்லவனாகவில்லை. ஏற்கெனவே மாறியிருந்தவன், அந்த மாற்றத்துக்கு முதல் தடவையாகப் பெரிய விலை கொடுத்தான்.

இன்னொன்று, இதைத்தான் உங்கள் தோழிக்கு முக்கியமாகச் சொல்வேன். சாகும்போது அவனுக்குச் சொர்க்கம் பற்றிய எந்த எதிர்பார்ப்பும் இல்லை. தேவதூதர் கையால் செத்த பாவி அழிந்தே போகிறான், திரும்ப எழுவதில்லை என்பதுதான் நரகத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. அவன் தன்னை முற்றாக இழக்கிறோம் என்று தெரிந்தே போனான். நாளைக்கு வாலன்டினோ இதையே செய்தால் அது வேறு செயலாகிவிடும். பென்ஷியஸ் போய்ச் சேர்ந்த செய்தி பரவிவிட்டால், அவனுக்குப் பிறகு அதே மாதிரி பாய்கிற ஒவ்வொருவர் மனசிலும் ‘போனால் மேலே போவோம்’ என்ற ஓரம் ஒட்டிக்கொண்டிருக்கும். போட்ட காசு திரும்பி வரும் என்று தெரிந்து போடுவது முதலீடு. நல்லது செய்பவனுக்குப் பலன் தெரிந்திருப்பதே அந்த நல்லதைக் கெடுக்குமா என்று என் மாணவர்கள் வருடா வருடம் சண்டை போடுவார்கள். முழுக்கக் கெடுக்காது என்பது என் கட்சி, மனிதர்களுக்கு எப்போதும் கலந்த நோக்கம்தான் இருக்கும். ஆனால் ‘ஒரு நல்ல காரியம் செய்து போய்விடலாமா’ என்று திட்டம் போடுகிறவனுக்கு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. திட்டமே தடையாகிறது.

இனி நடுக் கேள்விக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் ரசிகர்கள் ‘ரிடெம்ப்ஷன்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மோதுகிறார்கள். தமிழில் நமக்கு மூன்று சொல் இருக்கிறது, மூன்றும் மூன்று காரியம். திருந்துதல், மீட்பு, கழுவாய். உங்கள் சண்டையில் ஒருவர் ஒன்றைச் சொல்ல மற்றவர் இன்னொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று சந்தேகப்படுகிறேன்.

திருந்துதல் ஆள் மாறுவது, பென்ஷியஸிடம் பார்த்தோம். மீட்பு வேறு. என் அம்மாவின் சங்கிலி நான் பள்ளியில் படித்த காலம் முழுக்க அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் உள்ளே போகும், அறுவடை முடிந்ததும் அப்பா மீட்டுக்கொண்டு வருவார். மஞ்சள் நிற ரசீதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அந்தச் சங்கிலி எந்தத் தப்பும் செய்யவில்லை, அது திருந்த வேண்டியதும் இல்லை. அது இன்னொருத்தன் பெட்டிக்குள் இருந்தது, அவ்வளவுதான். கிறிஸ்தவத் தமிழில் மீட்பு என்று சொல்லும்போதும் அடியில் இந்தப் பொருள்தான் கிடக்கிறது: பிறர் பிடியில் இருப்பதை விலை கொடுத்து விடுவிப்பது. ஏஞ்சல் டஸ்டின் கதையை இந்தச் சொல்லால் பார்த்தால் நிறைய தெளிவாகும். அவன் ஆன்மா அடகில் இருக்கிறது. ஸ்டூடியோவுக்குள் வாலன்டினோ சொன்னது நடந்தாக வேண்டும். நான்காவது எபிசோடில் சார்லி உதவி செய்கிறேன் என்று ஸ்டூடியோவுக்கே போய் நிற்கிறாள், அதன் கோபமெல்லாம் ஏஞ்சல் மேல் இறங்குகிறது. அவள் நல்லவள்தான். ஆனால் அடகில் இருக்கிறவனிடம் போய் ‘நீ இன்னும் நல்லவனாக முயற்சி செய்’ என்று பாடம் எடுத்தாள். அன்றிரவு அவனுக்கு உண்மையில் ஆறுதல் தருவது ஹோட்டலில் மது ஊற்றுகிற ஹஸ்க். அவனும் சூதில் தோற்றுத் தன் ஆன்மாவை, ஹோட்டலுக்கு உதவ வந்த அலாஸ்டர் என்ற பலம் மிக்க பாவியிடம் இழந்தவன். அவன் புத்தி சொல்லவில்லை. நானும் உன்னைப் போல வீணாய்ப் போனவன்தான், வா, என்று பக்கத்தில் நின்றான். ‘ஏஞ்சல் ஏன் இன்னும் சொர்க்கம் போகவில்லை, பென்ஷியஸைவிட அவன் நல்லவன்தானே’ என்று பல ரசிகர்கள் கோபப்படுகிறார்கள். எனக்கும் வருத்தம்தான். அவன் விஷயத்தில் பாக்கி இருப்பது ஒழுக்கமா, அந்த ஒப்பந்தமா என்பதை முதல் சீசன் சொல்லாமல் விடுகிறது. ஒப்பந்தம்தான் என்று பந்தயம் கட்டுவேன், ஆனால் அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை.

மூன்றாவது கழுவாய். பழைய சொல். புறநானூற்றில் ஆலத்தூர் கிழார், பசுவின் மடியை அறுத்தவர்களுக்கும் கருவை அழித்தவர்களுக்கும்கூடக் கழுவாய் உண்டு, செய்த நன்றியைக் கொன்றவனுக்கு மட்டும் உய்தி இல்லை என்கிறார். பட்டியலை நாம் ஏற்றுக்கொள்கிறோமா என்பது வேறு பேச்சு. அந்தச் சொல்லைப் பாருங்கள்: கழுவுவதற்கான வழி. அழுக்கு எங்கே பட்டதோ அங்கே போய்க் கழுவ வேண்டும். யூத மரபில் இதை இன்னும் கறாராகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாவநிவாரண நாளில் நோன்பிருந்தால் கடவுளுக்கு எதிராகச் செய்த பாவம் நீங்கும், ஆனால் சக மனிதனுக்கு எதிராகச் செய்தது, அவனிடமே போய் அவனைச் சமாதானப்படுத்தும்வரை நீங்காது என்கிறது மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பு. 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடிஸ் இன்னொரு அளவுகோல் சேர்த்தார். முன்பு தப்புச் செய்த அதே சூழல் திரும்ப வாய்த்து, செய்யச் சக்தியும் இருந்து, மனம் மாறியதால் ஒருவன் செய்யாமல் விட்டால் அதுதான் நிறைவான மனந்திரும்புதல். பயத்தாலோ தள்ளாமையாலோ விட்டால் கணக்கில் சேராது.

சிறையில் எனக்குப் பழக்கமான ஒருவர் இருந்தார். வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரரை மண்வெட்டியால் அடித்துக் கொன்றவர், ஆயுள் தண்டனை. நான் பார்க்கத் தொடங்கியபோது உள்ளே வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. திருந்தியவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத கைதிகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுப்பார், யாராவது கை ஓங்கினால் நடுவில் போய் நிற்பார். ஒரு நாள் செத்தவரின் தாயாருக்கு ஒரு கடிதம் எழுதி என்னிடம் கொடுத்தார். நான் போனேன். அந்த அம்மா திண்ணையில் உட்கார்ந்து அரிவாள்மணையில் புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். யாரிடமிருந்து என்று சொன்னதும் கை நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: “அவன் நல்லவனா ஆயிட்டான்னா சந்தோசம்யா. அதுக்கு நான் என்ன செய்யணும்?” கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடிதத்தை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த சனிக்கிழமை சிறையில் அதைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தக் கைதி, “வாங்கலேன்னா பரவால்லய்யா, அவங்க வாங்கணும்னு ஒண்ணும் இல்ல” என்றார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் திருந்தியிருந்தார் என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி நான் பார்த்ததில்லை. ஆனால் கழுவாய் நடக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதில்தான் இருக்கிறது. பென்ஷியஸ் திருந்தினான், அதன் பேரில் சொர்க்கம் அவனை எடுத்துக்கொண்டது, அதில் எனக்கு அநியாயம் தெரியவில்லை. ஆனால் அவன் யாருக்குக் கெடுதல் செய்தான், அவர்கள் எங்கே, அவர்களிடம் யாராவது கேட்டார்களா என்பது முதல் சீசனில் வருவதே இல்லை. அவன் பூமியில் செய்த பாவம் என்னவென்றே அதில் நமக்குச் சொல்லவில்லை. சார்லியின் ஹோட்டலில் நம்பிக்கைப் பயிற்சி இருக்கிறது, பாட்டு இருக்கிறது, அடிபட்டவர்கள் வந்து உட்கார ஒரு நாற்காலி இல்லை. உங்களுக்கு உறுத்துவது அந்த நாற்காலி என்றால், உறுத்தல் சரியானது. அதற்குப் பென்ஷியஸைக் கீழே இழுப்பது மருந்தாகாது.

வாலன்டினோவுக்கு வருவோம். அவன் மாறவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். சிறைக்குப் போய் வந்த யாரும் ஓர் ஆளைப் பார்த்து அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். ஆனால் அவன் விஷயத்தில் எது மாற்றம், எது நடிப்பு என்று பிரிக்க மைமோனிடிஸின் அளவுகோல் போதும். ஒப்பந்தம் இன்னும் கையில் இருக்கும்போதே, ஏஞ்சல் இன்னும் சம்பாதித்துக் கொடுக்கும்போதே, யாரும் மிரட்டாமல் அவன் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டும். முதலில் மீட்பு, அவனே கொடுக்க வேண்டிய மீட்பு. அதைச் செய்யாமல் அவன் எந்தப் போரில் எந்தத் தேவதூதனை எதிர்த்து விழுந்தாலும் அது ஏஞ்சலைத் தாண்டிக்கொண்டு போகிற குறுக்கு வழி. அப்படிக் கிழித்த பிறகும் ஏஞ்சல் அவனை மன்னிக்கக் கடமைப்பட்டவன் இல்லை. கடிதத்தை வாங்காத அந்த அம்மாவை நான் எந்தப் பாவக் கணக்கிலும் எழுத மாட்டேன். மன்னிக்காததற்காக ஏஞ்சல்மேல் குறை சொல்கிற ரசிகர்களைப் பார்த்தால் எனக்கு வலிக்கிறது. வீடுகளில் அடிபட்ட பெண்களிடம் ‘அவர்தான் மாறிட்டாரே, நீ ஏன் இன்னும்’ என்று சொல்கிற அதே குரல் அது.

இன்னொரு பக்கம் உங்கள் சண்டையில் வரவே இல்லை, அதனால் சேர்க்கிறேன். பாவிகளுக்குத்தான் மீட்பு தேவை என்று நாம் எடுத்துக்கொண்டு பேசுகிறோம். சார்லியின் காதலி வேகி யார்? அந்தக் கொலைப்படையில் இருந்தவள். ஒரு குழந்தையைக் கொல்லாமல் விட்டாள் என்பதற்காகக் கண்ணையும் சிறகுகளையும் பறித்து நரகத்தில் எறியப்பட்டவள். பாவத்துக்காகத் தள்ளப்பட்டவள் இல்லை, இரக்கத்துக்காகத் தள்ளப்பட்டவள். அதற்கு முன்னால் அவள் கொன்றவர்களுக்கான கழுவாய் அவளிடம் பாக்கி இருக்கிறது, அதை அவள் சார்லியிடமிருந்துகூட மறைத்து வைத்திருந்தாள். ஆடமோ கடைசிவரை தன்மேல் ஒரு துளி அழுக்கும் இல்லை என்று நம்பியே செத்தான். சொர்க்கத்தில் இருப்பது நல்லவன் என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்று தொடர் இத்தனை அழுத்தமாகக் காட்டியபின், பென்ஷியஸ் சொர்க்கம் போனதை மட்டும் நல்லவன் என்ற முத்திரையாக நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம்?

“கிறிஸ்தவத்தில் செத்த பிறகு திருந்த முடியுமா” என்றும் கேட்டிருந்தீர்கள். பெரும்பான்மைப் போதனையில் முடியாது. லூக்கா 16ஆம் அதிகாரத்தில் ஐசுவரியவானுக்கும் லாசருவுக்கும் நடுவே ‘பெரும்பிளப்பு’ இருக்கிறது, இங்கிருந்து அங்கே கடக்க முடியாது. சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி மூச்சில் பரதீசு பெற்றான், ஆனால் மூச்சு இருந்தது. கத்தோலிக்கரின் உத்தரிக்கிற ஸ்தலம்கூட ஏற்கெனவே மீட்கப்பட்டவர்கள் தூய்மையாகிற இடம், நரகத்திலிருந்து ஏறும் ஏணி கிடையாது. எல்லோரும் ஒரு நாள் திரும்புவார்கள் என்று 3ஆம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதியதை ஒட்டிய போதனை 553இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கத்தை ஒட்டிக் கண்டிக்கப்பட்டது, ஆனாலும் அந்த நம்பிக்கை அங்கங்கே தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது. செத்தபின் ஏன் திருந்த முடியாது என்பதற்கு இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் ஒரு காரணம் சொன்னார்: உடலை விட்ட ஆன்மாவின் விருப்பம் அப்படியே நிலைத்துவிடும், மாறுவது உடலோடு இருக்கும் நிலைக்கு உரியது. இந்தக் காரணத்தை வைத்துத் தொடரைப் பார்த்தால் சுவாரசியமாகிறது. மெட்ரானோவின் நரகத்தில் எல்லோருக்கும் உடல் இருக்கிறது. குடிக்கிறார்கள், தூங்குகிறார்கள், காதலிக்கிறார்கள், காயப்படுகிறார்கள், இன்னொரு முறை சாகிறார்கள். அக்வினாஸின் தடை அங்கே செல்லாது. பெயர்கள்தான் பைபிளிலிருந்து வந்தவை, அந்த இடம் நம் நாட்டு மரபுகளில் வரும் நரகங்களுக்கே நெருக்கம்: தண்டனை உண்டு, ஆனால் அதற்கு முடிவும் உண்டு. சார்லிக்கு மிக நெருக்கமான உருவம் எனக்குத் தெரிந்து மகாயான பௌத்தத்தில்தான் இருக்கிறது. நரகங்கள் காலியாகும்வரை நான் புத்தனாக மாட்டேன் என்று சபதம் எடுத்த க்ஷிதிகர்பர். ஜப்பானில் ஜிசோ என்பார்கள், செத்த குழந்தைகளுக்காகத் தாய்மார் சின்னச் சிலை வைத்துச் சிவப்புத் துணி கட்டுவார்கள். மெட்ரானோ அதை மனசில் வைத்துச் செய்தாரா என்றால், அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஒற்றுமையை மட்டும் சொல்கிறேன்.

அலாஸ்டரை ரசிப்பது தப்பா என்ற உங்கள் தோழியின் கேள்விக்கு: இல்லை. அவன் மனிதனாக இருந்தபோது தொடர் கொலைகாரன் என்பதை மறக்காமல் ரசிக்கலாம். அவன் செய்ததற்குச் சமாதானம் சொல்லத் தொடங்கும்போதுதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் 14 வயதுத் தம்பி இதைப் பார்க்கலாமா என்ற கேள்வி. இப்போது வேண்டாம் என்றே சொல்வேன். கெட்ட வார்த்தைக்காகவோ நரகத்துக்காகவோ இல்லை. நான்காவது எபிசோடில் வாலன்டினோ ஏஞ்சலை அடிப்பதும் பாலியல் கொடுமை செய்வதும் ஒரு துள்ளலான பாட்டோடு கலந்து வருகிறது. ஏஞ்சல் சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் நொறுங்குகிறான் என்பதைக் காட்ட வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், நன்றாகவும் செய்திருக்கிறார்கள். ஆனால் அந்த வயதில் காதில் விழுவது துள்ளல் மட்டும்தான். என் மகளோடு அதைப் பார்த்தபோது அவளுக்கு 22. பாட்டு முடிந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, “ஹஸ்க் வர்ற சீனையாவது போடுப்பா, இப்படியே விட்டுட்டுப் படுக்க முடியாது” என்றாள்.